மதுரை வீட்டுப் பழைய ரத்தினக் கம்பளம்: ஈரான் நெசவா, நம்ம நாட்டு நெசவா?

மாசிவீதிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். தெற்கு மாசி வீதியில் எங்கள் தாத்தா வீட்டு மாடி அறையில் ஒரு பழைய கம்பளம் சுருட்டியபடி கிடக்கிறது. வீட்டில் எல்லாரும் ஜமுக்காளம் என்றே சொல்லிவிட்டோம். ஆனால் பவானி ஜமுக்காளம் மாதிரி தட்டையாக இல்லை, மேலே கம்பளி ரோமம் நிற்கிறது. பார்த்ததையும் அளந்ததையும் எழுதுகிறேன்.

நீளம் 12 அடி 3 அங்குலம், அகலம் 8 அடி 11 அங்குலம். நடுப்பகுதி சிவப்பு. அதில் சுருள் கொடி ஓடுகிறது. கொடியில் உள்ளங்கை அளவுக்குப் பெரிய பூக்கள், அவற்றுக்கு நடுவே ரிப்பன் நெளிந்த மாதிரி ஏதோ ஒன்று. சுற்றுக் கரை கருநீலம், உள்கரையில் வரிசையாக மாங்காய். பாவு (நீளவாட்டு நூல்) வெள்ளைப் பருத்தி. பூக்களைச் சுற்றிய கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாக அமுங்கியிருக்கின்றன. பின்பக்கம் ஒரு அங்குலத்தில் அகலவாட்டில் 20 புள்ளி, நீளவாட்டில் 9 வரிசை எண்ணினேன். அப்படியானால் சதுர அங்குலத்துக்கு 180 முடிச்சுதானே? ஒரு மூலையில் பூச்சி தின்றிருக்கிறது. குஞ்சம் பிரிகிறது. ஓர் ஓரத்தில் எப்போதோ துவைத்ததில் சிவப்புச் சாயம் வெள்ளைப் பூவுக்குள் இறங்கியிருக்கிறது.

பழைய சாமான் வாங்கும் ஒருவர் “ஈரான் மால், 200 வருஷப் பழசு” என்கிறார். இன்னொருவர் “ஜெயில் கம்பளம்” என்கிறார். எதை நம்புவது? இதைத் துவைக்கலாமா?

பாவும்ஊடையும்:

தம்பி, முதலில் முடிச்சுக் கணக்கு. 180 இல்லை, 90தான் இருக்கும். ஒவ்வொரு முடிச்சும் பக்கத்துப் பக்கத்து இரண்டு பாவு இழைகளின் மேல் விழுகிறது. இரண்டு பாவும் ஒரே மட்டத்தில் இருந்தால், பின்பக்கம் ஒரு முடிச்சுக்கு இரண்டு புடைப்பு தெரியும். ஒரு பாவு இன்னொன்றின் பின்னால் ஒளிந்திருக்கும் நெசவில்தான் ஒரு முடிச்சுக்கு ஒரு புடைப்பு. சோதிப்பது சுலபம். சின்னப் பூவின் நடுவில் தனியாக நிற்கும் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பின்பக்கம் தேடுங்கள். அந்த நிறம் எப்போதும் சோடியாகவே வந்தால், சோடியை ஒன்றாக எண்ணுங்கள். விற்கிறவர்கள் பாதிப் பேர் இந்தக் கணக்கில்தான் இரட்டிப்பு காட்டுகிறார்கள்.

90 என்றாலும் கேவலம் இல்லை. உங்கள் அளவுக்கு மொத்தம் சுமார் 14 லட்சம் முடிச்சு. ஒருவர் நாளைக்கு 8,000 முடிச்சு போடுவதாக வைத்தாலும் ஏறத்தாழ 177 ஆள் நாள். தறியில் நாலு பேர் உட்கார்ந்தால் ஒன்றரை மாதம்.

அடுத்து, முடிச்சின் வகை. ஊடை (குறுக்கு நூல்) ஓடும் திசையிலேயே கம்பளத்தை வளைத்து, ரோமம் பிரிகிற இடத்தில் அடிவரை பாருங்கள். துருக்கி முடிச்சில் நூல் இரண்டு பாவையும் சுற்றி, இரண்டு நுனியும் நடுவில் ஒன்றாக வெளிவரும். அடியில் இரண்டு பாவின் குறுக்கே ஒரு சின்னப் பட்டை தெரியும். பாரசீக முடிச்சில் நூல் ஒரு பாவை மட்டும் முழுசாகச் சுற்றி, அடுத்த பாவின் பின்னால் போய் வெளியே வரும். அதில் அந்தப் பட்டை ஒற்றைப் பாவின் மேல்தான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஈரானிலேயே தப்ரீஸ், ஹெரிஸ் பக்கம் துருக்கி முடிச்சுதான். இந்தியாவில் நெய்ததெல்லாம் அநேகமாகப் பாரசீக முடிச்சு. ஆக, துருக்கி முடிச்சு என்றால் இந்தியா இல்லை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். பாரசீக முடிச்சு என்றால் எந்தப் பக்கமும் முடிவு சொல்ல முடியாது.

இன்னும் மூன்று விஷயம் பார்த்து எழுதுங்கள். ஒன்று, இரண்டு முடிச்சு வரிசைக்கு நடுவே எத்தனை ஊடை போகிறது, அதன் நிறம் என்ன. ஈரானில், நீல ஊடை காஷான் கம்பளங்களில் அடிக்கடி வரும், மூன்று ஊடை கெர்மானின் பழைய வழக்கம். இரண்டாவது, பாவு நூல் கையில் நூற்றதுபோல் தடிப்பும் மெலிவுமாக இருக்கிறதா, ஆலை நூல் மாதிரி ஒரே சீராக இருக்கிறதா. மூன்றாவது, கரையின் நாலு மூலையிலும் கொடி அழகாக வளைந்து திரும்புகிறதா, அல்லது வெட்டி ஒட்டினது போல முட்டி நிற்கிறதா.

கூடல்நகர் சித்திரக்காரி:

நீங்கள் சொன்ன வடிவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சிவப்புத் தரை, சுருள் கொடி, பெரிய பூ, கருநீலக் கரை என்பது 16, 17ஆம் நூற்றாண்டுகளில் சஃபாவித் மன்னர்கள் ஆண்ட ஈரானில் ஹெராத், இஸ்ஃபஹான் பக்கம் வளர்ந்த அமைப்பு. அந்தப் பெரிய பூவுக்கு ஈரான் மன்னர் ஷா அப்பாஸ் பெயரால் ஷா அப்பாஸி என்று சொல்வார்கள். தாமரையை நடுவே நெடுக அரிந்து பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இதழ்கள் அடுக்காக விரியும். நீங்கள் ரிப்பன் என்றது சீன மேகம். மங்கோலியர் காலத்தில் சீனாவிலிருந்து ஈரானுக்குப் போய், அங்கிருந்து நம் பக்கம் வந்தது.

அக்பர் ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி, லாகூரில் கம்பளப் பட்டறைகள் வைத்தபோது ஈரான் நெசவாளர்களும் அவர்களோடு இந்த வடிவமும் வந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் இதே சிவப்புத் தரைக் கம்பளம் ஈரானிலும் நெய்யப்பட்டது, இந்தியாவிலும் நெய்யப்பட்டது. கப்பலேறி போர்ச்சுகலுக்கும் ஹாலந்துக்கும் போய் டச்சு ஓவியங்களில் மேசை விரிப்பாகக் கிடக்கிறது. அதனால்தான் அறிஞர்களே இந்தோ-பாரசீகம் என்று இரண்டு பெயரையும் சேர்த்து வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அம்ரித்சர், ஆக்ரா பட்டறைகளிலும், கைதிகளை வைத்துச் சிறைகளிலும் இதைத் திரும்ப எடுத்து நெய்தார்கள். எனவே முகப்பு வடிவம், அந்தக் கற்பனை எங்கே பிறந்தது என்று சொல்லும். எங்கே நெய்தது என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும்.

இந்திய வடிவமைப்பாளர் கை எங்கே தெரியும் என்றால், பூவின் உயிரில். ஈரானியக் கொடி கணக்குப்படி சுருளும், பூ எந்தச் செடியினது என்று கேட்க முடியாது. ஜஹாங்கீர், ஷாஜஹான் காலக் கம்பளங்களில் செடி தனியாக, அடியோடு நிற்கும். லில்லியா, கசகசாவா, ஐரிஸா என்று பெயர் சொல்லலாம். இன்னொன்று நிற வைப்பு. சிவப்பின் மேல் இளஞ்சிவப்பு, நீலத்தின் மேல் வெளிர்நீலம் என்று நடுவில் கோடு போடாமல் ஒரே குடும்ப நிறத்தை ஒட்டி வைப்பது முகலாயப் பட்டறைகளுக்குப் பிடித்த வேலை. உங்களுடையதில் ஒவ்வொரு பூவுக்கும் கறுப்புக் கோடு இருப்பதாகச் சொல்கிறீர்கள். அது முகலாய அரண்மனைச் சரக்கின் குணம் இல்லை.

மாங்காயை வைத்து இந்தியா என்று முடிவு கட்ட வேண்டாம். காஞ்சிப் பட்டில் பார்த்துப் பழகியதால் நமக்கு அது நம்ம வீட்டு வடிவம். ஈரானிலும் அதே வடிவம் போத்தே என்ற பெயரில் கம்பளம் முழுக்க வரும். காஷ்மீர் சால்வையும் ஈரான் துணியும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கொடுத்தே வளர்ந்தவை.

ஒரு உண்மையான ஈரான் கம்பளத்தை இந்தியாவிலேயே பார்க்க வேண்டுமானால் ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே கெர்மானில் நெய்த தோட்டக் கம்பளம் இருக்கிறது. 1632இல் ஜெய்ப்பூரை அடுத்த ஆம்பேர் அரண்மனைக் கணக்கில் ஏறியது. வாய்க்கால் நாலாகப் பிரிய, தண்ணீரில் மீனும் கரையில் மரமுமாக ஒரு முழுத் தோட்டம்.

மாசிவீதிக்காரன்:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. நேற்று சாயங்காலம் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளி சோடியாகத்தான் வருகிறது, ஆக 90. பாரசீக முடிச்சு. ஊடை இரண்டு, சாயம் போடாத பருத்தி. பாவு ரொம்பச் சீராக, பல இழை முறுக்கினதாக இருக்கிறது. மூலையில் கொடி அழகாகத் திரும்புகிறது. ஒரு விநோதம்: ஒரு பூவில் ஒரு இதழில் மட்டும் ஒரு முடிச்சு தவறான நிறம். அதே தவறு அந்தப் பூ வரும் ஒவ்வொரு இடத்திலும் இருக்கிறது. ரோமத்தைப் பிரித்தால், மேலே சாம்பலாகத் தெரியும் சில பூக்கள் அடியில் பளிச்சென்று ஊதா.

அவுரி:

அந்த ஊதாவிலேயே பாதி விடை இருக்கிறது. நுனி சாம்பல், அடி பளிச் ஊதா என்றால் ஆரம்பகால ரசாயனச் சாயம். முதல் செயற்கைச் சாயத்தைப் பெர்கின் கண்டதே 1856இல். அது கம்பளப் பட்டறைகளுக்குள் நுழைய இன்னும் பத்து இருபது வருஷம். ஆக 200 வருஷம் என்று சொன்னவரின் பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. இயற்கைச் சாயமும் வெளுக்கும், ஆனால் அதே நிறத்தின் மெல்லிய சாயலாக வெளுக்கும், இப்படிச் சாம்பலாகச் சாகாது.

கறுப்புக் கோடு பள்ளமானது பூச்சியால் இல்லை. கடுக்காய் மாதிரித் துவர்ப்புச் சரக்கோடு இரும்பு உப்பு சேர்த்து ஏற்றும் கறுப்பு கம்பளியை மெதுவாக அரிக்கும். நூறு வருஷத்தில் கறுப்பு ரோமம் மட்டும் தேய்ந்து, பக்கத்துப் பூ செதுக்கின மாதிரி மேலே நிற்கும். விரலை வைத்துத் தடவினால் தெரியும். பழைய முறைக் கறுப்பும் புதிய முறை ஊதாவும் ஒரே கம்பளத்தில் இருக்கிறதென்றால், இரண்டும் அருகருகே புழங்கிய காலம்.

சிவப்பைச் சோதிக்க: வெள்ளைக் காடாத் துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சிவப்பின் மேல் ஒரு நிமிஷம் அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். வேறு துணியில் நீலத்துக்கும் செய்யுங்கள். நீலம் அவுரியாக இருந்தால் அநேகமாகத் துணியில் ஒட்டாது. அரக்கு, மஞ்சிட்டி, நம்மூர்ச் சாயவேர் எல்லாம் படிகாரம் போட்டு ஏற்றிய சிவப்பு. சரியாக அலசியிருந்தால் பச்சைத் தண்ணீருக்கு இறங்காது. துணியில் ரோஸ் படிந்தால் அது 1870களின் கடைசிக்குப் பிறகு வந்த அசோ என்ற ரசாயனச் சிவப்பாக இருக்கலாம். சாயம் இறங்காமலிருக்க வினிகர் ஊற்று என்று சிலர் சொல்வார்கள், இங்கே நேரடியாகச் செய்ய வேண்டாம். 1884இல் வந்த காங்கோ சிவப்பு மாதிரியானவை புளிப்பு பட்டால் நீலமாகத் திரும்பும். பின்பக்கம் ஒரு முடிச்சில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகு பேசுவோம்.

பாவும்ஊடையும்:

எல்லா இடத்திலும் திரும்ப வரும் தவறு அருமையான சாட்சி. நெசவாளர் கை தவறினால் அது ஓரிடத்தில்தான் இருக்கும். ஒரே தவறு ஒவ்வொரு முறையும் வந்தால், எழுதி வைத்த தாளில் தவறு. காஷ்மீரிலும் அம்ரித்சரிலும் தாலிம் என்று ஒரு குறியெழுத்து உண்டு: எத்தனை முடிச்சு, என்ன நிறம் என்று வரிசை வரிசையாக எழுதியிருக்கும். ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, தறியில் இருப்பவர்கள் முடிச்சு போடுவார்கள். கட்டத் தாளில் வரைந்து நெய்யும் பட்டறைகளிலும் இதே விளைவு வரும். மூலை சுத்தமாகத் திரும்புவதும் அதையே சொல்கிறது. மனப்பாடமாக நெய்கிற கிராமத்துத் தறியில் மூலை முட்டும்.

1833 பஞ்சத்தில் காஷ்மீர் நெசவாளர்கள் பலர் அம்ரித்சருக்கு வந்தார்கள். 1870இல் பிரான்சில் போர் வந்து சால்வை வியாபாரம் படுத்தபோது அந்தக் கைகள் கம்பளத்துக்குத் திரும்பின. சிறைகளில் ஆக்ரா, லாகூர், பூனா எரவாடா பெயர் பெற்றவை. தெற்கிலும் ஏலூர், மசூலிப்பட்டணம், வாலாஜாபேட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் அய்யம்பேட்டை என்று கம்பளம் நெய்த ஊர்கள் இருந்தன.

என் முடிவு: பாரசீக முடிச்சு, இரட்டைப் பருத்தி ஊடை, ஒரே மட்டத்தில் உள்ள பாவு, ஆலை நூல், தாள் பார்த்த நெசவு, ரசாயன ஊதா. இத்தனையும் சேர்ந்தால் 1880க்கும் 1920க்கும் இடைப்பட்ட இந்தியப் பட்டறைக் கம்பளம், அல்லது சிறைக் கம்பளம். ஆலை நூலை வைத்து ஊரைச் சொல்ல முடியாது, அது எல்லா ஊருக்கும் ரயிலில் போனது. இதற்கு மேல் ஊர்ப்பெயர் எழுதித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். சிறைக் கம்பளம் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கவும் வேண்டாம். நல்ல கம்பளியும் நல்ல வடிவப் படமும் கொடுத்து நெய்வித்த சிறைக் கம்பளங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

மாசிவீதிக்காரன்:

துணியில் சிவப்பு ஒட்டியது அண்ணே. நல்ல ரோஸ். நீலம் ஒட்டவில்லை. அப்படியானால் துவைக்கக் கூடாதா? பூச்சிக்கு என்ன செய்வது?

வைகைக்கரை:

துவைக்கக் கூடாது. தண்ணீரில் முக்கினால் இன்னும் பத்துப் பூ சிவக்கும். ஏற்கெனவே இறங்கிய சாயத்தை எடுக்கிறேன் என்று பிளீச்சிங் பவுடர் பக்கமே போக வேண்டாம். குளோரின் கம்பளியையே கரைத்துவிடும். சோடா கலந்த சலவைத்தூளும் அப்படித்தான், ரோமம் வறண்டு ஒடியும். மதுரை போர் தண்ணீரின் உப்பு வேறு சோப்போடு சேர்ந்து பிசுக்காக ரோமத்தின் அடியில் படியும்.

முதலில் பருத்தி உயிரோடு இருக்கிறதா பாருங்கள். ஓரத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக மடியுங்கள். அப்பளம் நொறுங்கும் சத்தம் வந்தால் ஈரத்தில் பாவு உளுத்துவிட்டது. அந்த இடத்தை இனி மடிக்கவே கூடாது. உளுத்த கம்பளத்தைச் சுவரில் போட்டுக் கழியால் அடித்தால் அடி விழும் இடமெல்லாம் கிழியும்.

தூசுக்கு வேக்குவம் போதும். குழாய் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். சுழலும் பிரஷ் வேண்டாம். ரோமம் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள், எதிர்த்திசையில் போகாதீர்கள். முதலில் பின்பக்கம், பிறகு கீழே உதிர்ந்த மண்ணைக் கூட்டிவிட்டு முன்பக்கம். ரோமத்தின் அடியில் தங்கும் மணல்தான் மிதிபடும்போது ரம்பம் போல நூலை அறுக்கிறது.

பூச்சி: தின்பது பறக்கும் அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. இருட்டும் அசைவின்மையும் அதற்குப் பிடிக்கும், அதனால்தான் சுருட்டி வைத்த மூலையில் தின்றிருக்கிறது. வசம்பு, வேப்பிலை, நொச்சி எல்லாம் புதிதாக வரும் பூச்சியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். உள்ளே இருக்கும் முட்டையையும் புழுவையும் கொல்லாது. பாச்சை உருண்டையைக் கம்பளத்தின் மேல் நேரடியாகப் போட வேண்டாம். நிச்சயமான வழி குளிர். கெட்டியான பாலித்தீனில் சுற்றி, காற்று போகாமல் டேப் ஒட்டி, மைனஸ் 18 முதல் 20 டிகிரி வரும் குளிர்கிடங்கில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் சேர்ந்து சாகும். எடுத்து வந்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த கம்பளத்தில் நீர் பூத்து, அந்தச் சிவப்பு மறுபடி இறங்கும். இது முடிந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரித்து வேக்குவம் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விரித்து வைக்காதீர்கள். மாசி, பங்குனியில் நிழலில், காற்றில்.

குஞ்சத்தை இன்றே கவனியுங்கள், அது பிரிந்துகொண்டே போனால் முடிச்சு வரிசை உதிரும். வெளுக்காத பருத்தி நூலால் கால் அங்குலத்துக்கு ஒரு தையல், உள்ளே மூன்று நாலு ஊடை ஆழத்துக்கு ஊசி இறங்கும்படி, கையால் ஓரம் சுற்றித் தையுங்கள். இழுத்து இறுக்கினால் ஓரம் சுருங்கி அலையாகும். கடையில் விற்கும் புதுக் குஞ்சத்தை மெஷினில் தைப்பது, பின்னால் பெவிகால் தடவுவது, ரெக்சின் ஒட்டுவது மூன்றும் நாசவேலை. பூச்சி தின்ற இடத்தில் பாவும் ஊடையும் முழுசாக இருந்தால் அப்படியே விடுங்கள். அந்த இடம் மேலும் பெரிதாகாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

வைக்கும்போது மடிக்காமல் சுருட்டுங்கள். கம்பளத்தின் அகலத்தைவிட ஒரு அடி நீளமான 6 அங்குலப் பிவிசி குழாய், அதன்மேல் துவைத்த காடாத் துணி, ரோமம் வெளிப்பக்கம் வரும்படி, சாயும் திசையிலேயே சுற்றுங்கள். மேலே இன்னொரு காடாத் துணி. பாலித்தீன் வேண்டாம், உள்ளே வேர்க்கும். குழாயின் இரண்டு முனையையும் தாங்கி வையுங்கள், தரையில் படக் கூடாது.

கூடல்நகர் சித்திரக்காரி:

விற்கிற எண்ணம் இருந்தால் ஒன்று: 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டியது தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, உள்நாட்டில் வாங்கி விற்கும் வியாபாரிக்கு உரிமம் வேண்டும். உங்களுடையது அந்தக் கோட்டைத் தாண்டியதாகவே தெரிகிறது. அந்த “ஈரான் மால்” ஆளிடம் முதலில் உரிமத்தைக் கேளுங்கள். கொடுப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை, அந்தத் தவறான இதழ் எல்லாவற்றையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இதழ் ஒன்று போதும், நாளைக்கு எந்தக் கடையில் கிடந்தாலும் இது உங்கள் வீட்டுக் கம்பளம் என்று சொல்லிவிடலாம்.

மாசிவீதிக்காரன்:

விற்கவில்லை அக்கா. படம் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குஞ்சம் தைக்க உட்காருகிறேன். நூல் 20ஆம் நம்பர் ஒற்றை இழை போதுமா, முறுக்கி எடுக்க வேண்டுமா?

வைகைக்கரை:

ஒற்றை இழை அறுந்துவிடும். நாலு இழை சேர்த்து முறுக்கி, மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்து எடுங்கள். முனை மழுங்கிய கோணி ஊசி வையுங்கள், கூர் ஊசி பாவு நூலைக் குத்திப் பிளக்கும். உளுத்த சத்தம் வரும் பக்கத்தைக் கடைசியில் தையுங்கள்.